பெய்த் ஜாலாவில் நான் சொன்ன பொய்

பக்கத்து வீட்டுக்காரரின் மகன் இறந்த செய்தி வந்த காலையில், தெருக்குழாய் அருகே நின்று, "இப்போது சமமாகிவிட்டது" என்று சொன்னவன் நான். அதைத் தமிழில் சொல்லவில்லை. அந்த வீட்டாருக்கு நன்றாக உறைக்க வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னேன்.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் இருபது வருடம் எங்கள் வீட்டுக்கும் நஞ்சுண்டப்பா வீட்டுக்கும் நடுவே மார்பளவுச் சுவர் ஒன்றுதான் இருந்தது. நான் பள்ளியில் கணக்கு வாத்தியார், அவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் என்னிடம் தமிழில் பேசுவார், நான் அவரிடம் கன்னடத்தில் பேசுவேன். இப்படித்தான் பேச வேண்டும் என்று இருவரும் ஒருநாளும் முடிவு செய்ததில்லை. விருந்தாளிக்கு நல்ல நாற்காலியைத் தள்ளிப் போடுவது போல அது தானாக வந்த பழக்கம்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. என் மகன் ஜெயசீலன் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி முடிந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தான். வழிமறித்தவர்களுக்கு அவன் கன்னடத்தில்தான் பதில் சொன்னானாம். அவனுடைய கன்னடத்தில் யாரும் குறை காண முடியாது. ஆனால் சைக்கிள் கூடையில் இருந்த பாட்டுத்தாள்கள் தமிழில் இருந்தன. அவனை உயிரோடு நாங்கள் பார்க்கவில்லை.

ஊரடங்கு. உறவினர் எவரும் வர முடியவில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் தெருவின் வழக்கம். அந்த வழக்கத்தைச் சுவருக்கு மேலாக நிறைவேற்றினார் நஞ்சுண்டப்பா. அவர் மனைவி கௌரம்மா வடித்த சோறும் தாளிக்காத ரசமும் ஒரு எவர்சில்வர் அடுக்குத் தூக்கில் வந்தன. துக்க வீட்டுக்குப் போகும் சாப்பாட்டில் தாளிப்பு இருக்காது. அந்தத் தூக்கு அவர்கள் மகன் மஞ்சுநாத்துக்குப் பெயர் வைத்த நாளில் வாங்கியது. அவன் பெயர் அதன் மேல் கன்னட எழுத்தில் வெட்டப்பட்டிருந்தது. நாங்கள் சாப்பிட்டோம். நான் சாப்பிட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் மஞ்சு ஒரு சரக்கு லாரியில் எல்லை தாண்டிப் போனான். கர்நாடக நம்பர் பலகையைப் பார்த்து யாரோ கல்லெறிந்தார்கள். லாரி கவிழ்ந்தது. எறிந்தவர்கள் என் மொழி பேசுகிறவர்கள்.

செய்தி வந்ததும் என் மனைவி ஞானம், கேட்காமலே, அந்த வீட்டுக்காக உலை வைத்துவிட்டாள். நான் அதை இறக்கச் சொன்னேன். அப்புறம் குழாயடிக்குப் போய் அந்த வார்த்தையைச் சொன்னேன். நஞ்சுண்டப்பா வாசலில்தான் நின்றிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், உள்ளே போனார். சில மாதங்களில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு வைட்ஃபீல்ட் பக்கம் போய்விட்டார்கள். தூக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பதினாலு வருடத்துக்குப் பிறகு என் சபையார் எருசலேமுக்குப் புனிதப் பயணம் கிளம்பியபோது நானும் சேர்ந்துகொண்டேன். ஞானம் முழங்கால் வலி என்று வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க. உங்களுக்குத்தான் அங்க ஜாஸ்தி வேலை இருக்கு" என்றாள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

எருசலேமில் முதல் காலை விடுதிச் சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் எங்கள் குழுவே திகைத்து நின்றது. வெள்ளரிக்காய், தக்காளி, ஆலிவ், வெண்ணிறப் பாலாடைக்கட்டி, ஆறிப்போன முட்டை. ஓய்வுபெற்ற நர்ஸ் ரோஸி அக்கா தட்டை ஏந்திக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"காலங்காத்தால வெள்ளரிக்காயா? மாடுகூட ஒரு நிமிஷம் யோசிக்கும் மாஸ்டர்."

"ஏசு இதத்தான் சாப்பிட்டிருப்பாரு அக்கா" என்றார் போதகர்.

"அவரு நாற்பது நாள் சாப்பிடாம இருந்ததுக்கு இப்பத்தான் காரணம் தெரியுது" என்று சொல்லிவிட்டு, ரோஸி அக்கா கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். பக்கத்து மேசைப் பிரேசில்காரர்கள் வரை அந்த ஊறுகாய் போய்ச் சேர்ந்தது. அவர்களில் ஒருவர் கண்ணில் நீர் வழிய எழுந்து நின்று நன்றி சொன்னார்.

எங்கள் வழிகாட்டி இலியாஸ், பெத்லகேம் பக்கத்துப் பாலஸ்தீனக் கிறிஸ்தவர். அரபு, எபிரேயம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். பழைய எருசலேமின் சந்துகளில் நடந்தபோது எனக்குச் சிவாஜி நகர் மார்க்கெட் ஞாபகம்தான் வந்தது. அதே மசாலா வாசனை, அதே கைவண்டிக் கூச்சல், நடுவில் துப்பாக்கியோடு இளம் சிப்பாய்கள். அவர்கள் சாக்லேட் தின்றுகொண்டிருந்தார்கள். ஏசு சிலுவை சுமந்து போன வழியில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கடைக்காரர் என்னை "ஹிந்தி! ஹிந்தி!" (அரபியில் இந்தியன் என்று அர்த்தமாம்) என்று கூப்பிட்டு, பெங்களூர் என்றதும், "கம்ப்யூட்டர்" என்றார். நான் கணக்கு வாத்தியார் என்றேன். ஏமாந்தவர் போலப் பார்த்தார். ஆனாலும் ஏலக்காய் போட்ட காப்பி கொடுத்தார்.

மூன்றாம் நாள் பெத்லகேம். எருசலேமிலிருந்து அது, பெங்களூரில் அல்சூரிலிருந்து இந்திரா நகருக்கு ஒரு தடவை போய்த் திரும்புகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் நடுவில் சோதனைச் சாவடி இருக்கிறது, தென்னை உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் இருக்கிறது. எங்கள் பஸ்ஸைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். பக்கத்துக் கம்பிக் கூண்டுக்குள் வரிசையில் நின்றிருந்த கட்டடத் தொழிலாளர்கள், சாப்பாட்டுப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள்.

திரும்பும்போது பெய்த் ஜாலா என்ற மலைச்சரிவு ஊரில் பஸ்ஸின் ரேடியேட்டர் கொதித்து, புகை கக்கி நின்றது. மாற்று வண்டி வரும் வரை எல்லோரையும் ஆலிவ் மரச் சிற்பக் கடைக்கு அழைத்துப் போனார்கள். எனக்கு அப்போது சிற்பம் தேவைப்படவில்லை. என் வயதுக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். இலியாஸைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் எதிரே இருந்த பள்ளிக் கட்டடத்தைக் காட்டினார். "வாருங்கள், அங்கே என் அத்தை இருக்கிறார். இன்று கூட்டம் இருக்கிறது."

கழிவறையிலிருந்து வெளியே வந்தால் ஒரு கூடம். வட்டமாகப் போட்ட நாற்காலிகள். முக்காடு போட்ட பெண்கள், போடாத பெண்கள், ஆண்கள். பலர் மடியில் புகைப்படம். கதவருகே நின்ற ஒரு தலை நரைத்த பெண் என் கையில் சின்னக் கோப்பையைத் திணித்தார். சர்க்கரையே இல்லாத காப்பி.

"துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் இதைத்தான் கொடுப்போம். இனிப்புச் சேர்க்க மாட்டோம்" என்றார் இலியாஸ். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "இவர்களில் பாதிப்பேர் யூதர்கள், பாதிப்பேர் எங்கள் ஆட்கள். எல்லோரும் பிள்ளையையோ கணவனையோ அண்ணன் தம்பியையோ இந்தச் சண்டையில் பறிகொடுத்தவர்கள். அவர்கள் பெத்லகேமுக்கு வரக் கூடாது, நாங்கள் அனுமதியில்லாமல் எருசலேமுக்குப் போகக் கூடாது. இரண்டு பேரும் வந்து நிற்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதனால் இங்கே கூடி அழுகிறார்கள். இதற்காக இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறார்கள்."

நான் கிளம்பியிருக்க வேண்டும். காப்பி கொடுத்த அந்த யூதப் பெண், பெயர் யாயேல், ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்கள் யாரை இழந்தீர்கள்?"

அந்தக் கூடத்தில் அது பெயர் கேட்பது போன்ற கேள்வி. "மகனை" என்றேன். உடனே ஒரு நாற்காலி நகர்ந்தது, எனக்கு இடம் உண்டானது.

எனக்குப் பக்கத்தில் அகன்ற தோளோடு ஒரு பாலஸ்தீனக் கல்தச்சர். எல்லோரும் அவரை அபூ சமீர் என்று கூப்பிட்டார்கள். சமீரின் அப்பா என்று அர்த்தம். சமீர் செத்து ஆறு வருடம் ஆகிறதாம். மகன் போன பிறகும் அப்பனுக்கு அதுதான் பெயர். எங்கள் தெருவிலும் நஞ்சுண்டப்பாவை எல்லோரும் 'மஞ்சு அப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். மஞ்சு போன பிறகு, அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், தெரு அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. அது எனக்கு அந்த நாற்காலியில்தான் உறைத்தது.

யாயேல் தன் மகளைப் பற்றிப் பேசினார். பஸ்ஸில் குண்டு வெடித்துப் போனவள். "எங்கள் வழக்கப்படி புதைத்துவிட்டு வந்து சாப்பிடும் முதல் வேளை நம் வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டார் கொண்டுவர வேண்டும். அவித்த முட்டையும் பருப்பும். என் பக்கத்து வீட்டுக்காரி ஊட்டிவிட்டாள், நான் துப்பினேன், அவள் மறுபடி ஊட்டினாள்."

"எங்களிடமும் அப்படித்தான்" என்றார் அபூ சமீர். "மூன்று நாள் அடுப்பு எரியாது. சோறு தெருவிலிருந்து வரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சீலனைப் பற்றிச் சொன்னேன். பாட்டுத்தாள்களைப் பற்றிச் சொன்னேன். பிறகு, ஏன் என்று தெரியாமலே, கௌரம்மாவின் தூக்கைப் பற்றிச் சொன்னேன். எங்களைக் கொன்ற மொழியைப் பேசுகிறவர்கள் ஊரடங்கில் சுவருக்கு மேலாகச் சோறு நீட்டினார்கள் என்றேன். இலியாஸ் அதை அரபியிலும் எபிரேயத்திலும் மாற்றிச் சொன்னபோது கூடம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"அவர்கள் மகனும் இறந்தானா?" என்றார் அபூ சமீர்.

"அடுத்த மாதம். எங்கள் ஆட்கள் எறிந்த கல்லில்."

"நீங்கள் போனீர்களா? சோறு கொண்டுபோனீர்களா?"

"போனேன்" என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. யாயேல் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அபூ சமீர் என் நெற்றியில் முத்தமிட்டார். பின்வரிசையில் காது கேட்காத ஒரு முதியவருக்காக இலியாஸ் முழுக் கதையையும் உரக்க இன்னொரு தடவை சொன்னார். என் பொய்யை அரபியில் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மிகவும் அழகாக இருந்தது.

அதோடு விடவில்லை. நான் புறப்படும்போது யாயேலும் இலியாஸின் அத்தையும் கிசுகிசுத்துக்கொண்டு, சமையலறைக்குள் போய், ஒரு துணிப்பொதியோடு வந்தார்கள். காட்டு மூலிகையும் எள்ளும் சேர்த்து இடித்த பொடி. அரபியில் ஸாத்தர் என்கிறார்கள். ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவது.

"இது உங்களுக்கு இல்லை. உங்களுக்குச் சோறு கொண்டுவந்த அந்த அம்மாவுக்கு. பெத்லகேம் பக்கத்திலிருந்து இரண்டு அம்மாக்கள் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள்" என்றார் யாயேல்.

மறுநாள் சாக்கடல். மூழ்கவே முடியாத தண்ணீர் அது. ரோஸி அக்கா சேலையோடு மிதந்து, "மாஸ்டர், என்னால முங்க முடியல, எவ்ளோ நல்லாருக்கு பாருங்க" என்று கரையைப் பார்த்துக் கையசைத்தார். நான் கரையில் பொதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை விடுதி அறையில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றும் தோன்றாமல் இல்லை. அந்த வாசனை விடவில்லை. துணியைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது.

டெல் அவிவ் விமான நிலையத்தில் பயணப்பையைக் கொடுப்பதற்கு முன் ஒருவர் பாக்கியில்லாமல் கேள்வி கேட்கிறார்கள். என்னைக் கேட்டது பேத்தி வயதுப் பெண்.

"யாராவது உங்களிடம் ஏதாவது கொடுத்தனுப்பினார்களா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று போதகர் முன்னாலேயே பாடம் நடத்தியிருந்தார். "ஆமாம்" என்றேன். பின்னால் போதகர் "கர்த்தாவே" என்று முனகியது கேட்டது.

"யார்?"

"பெய்த் ஜாலாவில் இரண்டு பெண்கள்."

"யாருக்கு?"

"பெங்களூரில் என் பழைய பக்கத்து வீட்டு அம்மாவுக்கு."

"அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"பதினாலு வருடமாயிற்று."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "பதினாலு வருடமாகப் பார்க்காத பெண்மணிக்கு, முந்தாநாள் அறிமுகமான பெண்கள் கொடுத்ததை எடுத்துப் போகிறீர்கள்?"

அவளுடைய மேலதிகாரி வந்தார். என்னை ஓரமாக ஒரு மேசைக்கு அழைத்துப் போனார். கையுறை மாட்டிக்கொண்டு பொதியை அவிழ்த்தபடி அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். ஏன் பார்க்கவில்லை? சண்டையா? என்ன சண்டை? பதில் ஒன்றோடொன்று ஒட்டாவிட்டால் விடமாட்டார் என்று புரிந்தது. என் பதில் ஒட்டவில்லை. சோறு கொண்டுபோனவன் ஏன் பதினாலு வருடம் முகம் காட்டவில்லை?

அங்கேதான் முதன்முதலாக நான் முழு உண்மையையும் சொன்னேன். கோயிலில் சொல்லவில்லை. போதகரிடம், ஞானத்திடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம், நான் போகவே இல்லை, உலையை இறக்கச் சொன்னேன், சமமாகிவிட்டது என்றேன், முந்தாநாள் அந்தக் கூடத்தில் பொய் சொன்னேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் பொடியைக் கொஞ்சம் விரலில் எடுத்து முகர்ந்தார். தன் வீட்டு ஞாபகம் வந்ததோ என்னவோ, உடனே விரலைத் துடைக்கவில்லை. பொதியை முன்னைவிட நன்றாகவே கட்டினார்.

"இதைக் கொடுப்பீர்களா?"

"கொடுப்பேன்."

"அப்படியானால் பைக்கு அடியில் வைக்காதீர்கள். நசுங்கிவிடும்" என்றார்.

வரிசைக்குத் திரும்பினேன். எனக்காகக் காத்திருந்த குழு முழுவதும் என்னை முறைத்தது. ரோஸி அக்கா மட்டும் ஊறுகாய் பாட்டிலை நீட்டி, "கொஞ்சம் நக்கிக்குங்க மாஸ்டர், மயக்கம் வர்ற மாதிரி இருக்கீங்க" என்றார். அந்த ரேடியேட்டருக்கும், அந்த அதிகாரிக்கும், அந்த ஊறுகாய்க்கும் நான் இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஞானத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்காலி போட்டு ஏறி, பரண்மேலிருந்து துணி சுற்றிய தூக்கை இறக்கினாள். பளபளவென்றிருந்தது.

"வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கேன். நீங்க சொன்ன வார்த்தைக்கு நான் போய் நின்னா சரிப்படுமா? நீங்கதான் போகணும்னு இருந்தேன்."

"அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

"பழைய பால்காரர் சொல்லித் தெரியும். வைட்ஃபீல்ட் தாண்டி. கௌரம்மா அக்காவோட அண்ணன் எடத்துல வீடு கட்டியிருக்காங்க."

ஞாயிறு விடிந்ததும் உலை வைத்தாள். பாதியில் இறக்கிய உலை அது. மிளகு ரசம் கொதித்தபோது நான் தாளிப்புக் கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கித் திரும்பவும் ஆணியில் மாட்டினாள்.

வைட்ஃபீல்ட் பயணத்தை எருசலேம் பயணத்தோடு ஒப்பிட்டால் பின்னது சொகுசு. மாரத்தஹள்ளிப் பாலத்தடியில் பஸ் நின்ற நேரத்துக்கு எந்தச் சோதனைச் சாவடியும் ஈடாகாது. எங்கே பார்த்தாலும் தோண்டிப் போட்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன் எனக்கு இடம் கொடுத்தான். நன்றி சொல்வதற்குள் டிரைவர் பிரேக் போட்டார். ரசம் அவன் கால்சட்டையில் தெறித்தது.

"அங்கிள், சாம்பாரா?"

"ரசம் தம்பி. மன்னிக்கணும்."

"பரவால்ல அங்கிள். என் மேனேஜர் ஊத்தறதுக்கு இது எவ்ளோவோ மேல்" என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, பாவம்.

இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட சின்ன வீடு. வாசலில் எலுமிச்சை மரம். நஞ்சுண்டப்பா மரத்தடியில் மண் கிளறிக்கொண்டிருந்தார். முதுகு வளைந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த களைக்கொத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். நான் வழக்கம்போலக் கன்னடத்தில் ஆரம்பித்தேன்.

"தமிழ்ல சொல்லுங்க மேஷ்ட்ரே" என்றார். வாத்தியார் என்பதற்கு அவர் எப்போதும் சொல்லும் சொல். "உங்க கன்னடம் நான் கேட்டிருக்கேன்."

வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. தமிழில், என் சொந்த மொழியில், தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். குழாயடியில் சொன்னது, உலையை இறக்கச் சொன்னது, அவர் வீட்டுச் சோற்றைத் தின்றது. அவர் ஒரு தடவையும் குறுக்கிடவில்லை. குறுக்கிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அதற்குள் ஞானம் உள்ளே போய்விட்டாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கௌரம்மா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டியிருந்த எழுத்துக்களின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு மூடியைத் திறந்தார். ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"ஒக்கரணெ போடலையா ஞானம்மா?" என்றார். ஒக்கரணெ என்றால் தாளிப்பு.

"அன்னிக்கு வர வேண்டிய சோறு அக்கா. அன்னிக்கு எப்படி வந்திருக்கணுமோ அப்படியே கொண்டுவந்தேன்."

கௌரம்மாவின் கை தட்டிலேயே நின்றது. பிறகு அவரிடமிருந்து வந்த சத்தத்தை நான் எழுத முயலவில்லை. ஞானம் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே அவர் சாப்பிட்டார். நிறுத்தாமல் முழுவதையும் சாப்பிட்டார்.

நஞ்சுண்டப்பா உள்ளே போகவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பொதியை நீட்டினேன். அது வந்த கதையையும், கூடத்தில் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

"ஏசு ஊர்லயே பொய்யா?" என்றார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துவிட்டுப் போனது. பிறகு அதுவும் இல்லை. "மன்னிச்சேன்னு என்கிட்ட எதிர்பார்க்காதீங்க. வாய்ல வராது. வந்தீங்க, சரி."

பஸ் நிறுத்தம் வரை அவர் வரவில்லை. அது நியாயம். ஆனால் கௌரம்மா வாசல் வரை வந்து பொடியை முகர்ந்து பார்த்தார். "ஓமம் மாதிரி இருக்கே? அக்கி ரொட்டிக்கு நல்லா இருக்கும்" என்றார். அரிசி மாவில் தட்டும் ரொட்டி அது. அந்த இரண்டு அம்மாக்களின் பெயரையும் கேட்டுக்கொண்டார். அவர் யாயேல் என்று சொல்லிப் பார்த்ததை யாயேல் கேட்டிருக்க வேண்டும்.

சீலனின் அக்காவான என் மகள் மூலமாக இலியாஸுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்தக் கூடத்தில் நான் பொய் சொன்னேன் என்று எல்லோருக்கும் தெரிவிக்கச் சொன்னேன். தெரிவித்திருக்கிறார். அபூ சமீர் யோசித்துவிட்டு, "அவர் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டார்" என்றாராம். யாயேல், பொடி பிடித்திருந்ததா என்று மட்டும் கேட்டாராம்.

டிசம்பரில் சீலனின் நாள் வந்தது. ஞானமும் நானும் வழக்கம்போலக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். முந்தின இரவு மழை. மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது கேட் பக்கம் பார்த்த ஞானம் என் கையை அழுத்தினாள். கௌரம்மா சாமந்திப் பூவோடு முன்னால் வந்தார். நாலடி பின்னால் நஞ்சுண்டப்பா, கையில் மஞ்சுவின் தூக்கோடு.

கௌரம்மா பூவை வைத்தார். மஞ்சுவும் சீலனும் ஒரே பட்டத்துக்காக அடித்துக்கொண்டு சுவரேறி விழுந்த கதையை அவர்தான் தொடங்கினார். யார் முதலில் விழுந்தது என்பதில் ஞானத்துக்கும் அவருக்கும் தகராறு வந்து, இரண்டு பேரும் சிரித்து, இரண்டு பேரும் அழுதார்கள். நஞ்சுண்டப்பா முதுகைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன். அதனால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அங்கேயே மரத்தடியில் சாப்பிட்டோம். தூக்கைத் திறந்ததும் கடுகும் பெருங்காயமும் மணத்தன. இந்தத் தடவை கௌரம்மா தாளித்திருந்தார். ஜனவரியில் மஞ்சுவின் நாளுக்கு நாங்கள் வர வேண்டும் என்று ஞானத்திடம் சொன்னார்.

திரும்பும் வழியில் கேட்டுக்கு இறங்கும் படிகள் பாசி பிடித்திருந்தன. நான் முன்னால் இறங்கி, "வழுக்கும், பார்த்து வாங்க" என்றேன், தமிழில்.

நஞ்சுண்டப்பா படியில் நின்றார்.

"கன்னடத்திலயே பேசுங்க மேஷ்ட்ரே. உங்க தமிழ் எனக்குப் பழக்கமில்ல."

அதையே மறுபடியும் கன்னடத்தில் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.